ஏணியில் எந்தப் படி? காசிமேட்டு இளைஞர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இளைஞர், வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்; ஒரு தனி ஆள் இல்லை. வடசென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளைச் சேர்த்து ஒரே ஆளின் வரலாறாக எழுதியிருக்கிறோம். வயது, குடும்பம், மதிப்பெண்கள் அப்படி அமைத்தவை. மருத்துவ, சட்ட விவரங்கள் உள்ளபடியானவை.

வந்த நிலை

மார்ச் மாத முதல் வாரம். 19 வயது இளைஞரை அவருடைய அம்மாவும் அக்காவும் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டு அவர் வரவில்லை. இடது முன்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல். "வலை இழுக்கும்போது முள்ளு குத்திருச்சு" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். கை மடிப்பில் வரிசையாகத் தழும்புகள், கயிறு போல் கெட்டிப்பட்ட நரம்பு. பார்த்த உடனே தெரிந்துவிடும்.

சீழை அறுத்து வெளியேற்றினார்கள். டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக். காய்ச்சலோடு வந்ததால் இதயத்துக்கு எக்கோவும் எடுக்கப்பட்டது. ஊசி வழியாகப் போகும் கிருமி இதயத்தின் வலப்பக்க வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். கைக்கட்டி என்று நினைத்து அனுப்பிவிட்டால் இரண்டு வாரம் கழித்து மூச்சுத்திணறலோடு திரும்பி வருவார்கள். இவருக்கு எக்கோவில் குறை இல்லை. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை, மஞ்சள் காமாலை பி வகை இல்லை. சி வகைக்கான எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது அந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் போனதற்கான அடையாளம்.

போட்டுக்கொண்டிருந்தது டேபென்டடால் என்ற வலி மாத்திரை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது. அபினி வகைப்போல வேலை செய்வது. வடசென்னையில் சில ஆண்டுகளாக இளைஞர்கள் இதைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை என்பது வெறும் மருந்து இல்லை. கெட்டியாக நிற்பதற்காகச் சேர்க்கும் மாவுப்பொருளும் டால்க்கும் அதில் உண்டு. அவை தண்ணீரில் கரையாது. எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நுண்துகள்கள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் மெல்லிய நாளங்களில் அடைத்துக்கொள்ளும். நாளடைவில் நுரையீரலே தடித்துப்போகும். நரம்பு ஏன் கயிறாகிறது, சீழ் ஏன் கட்டுகிறது என்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். "சுத்தமா போட்டேன்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

பின்னணி

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்கிறார். அக்கா ஜவுளிக் கடையில் வேலை. வீடு ஹவுசிங் போர்டில், ஒரு கூடம், ஒரு சமையலறை. அப்பா கரையில் இருக்கும் நாட்களில் மாலையானால் குவாட்டர் வாங்கி வருவார். சண்டை போடுகிறவர் இல்லை. குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார். வீட்டில் யாரும் அதைப் பிரச்சினையாகச் சொல்லவில்லை. பையன் மட்டும் பிறகு ஒருநாள் சொன்னார்: "நைனா வாய தொறந்து பேசி நான் பார்த்ததே இல்ல."

14 வயதில் மாவா என்ற மெல்லும் புகையிலைக் கலவை. பள்ளிக்கூட வாசலிலேயே கிடைத்தது. 16 வயதில் பைக், உரிமம் இல்லாமல். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு பதினொன்றுக்கு மேல் நான்கைந்து வண்டிகள் சேர்ந்து ஓட்டுவார்கள். ஒரு பக்கம் கடல் மணல் காற்றில் வந்து சாலையில் படிந்திருக்கும். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி 22 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே அந்த ஒரு விநாடி போய்விடும். நிற்கும் டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை என்றால் அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

17 வயதில் மாத்திரை, வாயில் போடுவதாக. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை. 18 வயதில் ஊசி. பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். பதினொன்றில் பாதியில் நின்றுவிட்டார்.

இந்த வரிசையை இப்படி எழுதினால் மாவா பைக்குக்கும், பைக் மாத்திரைக்கும், மாத்திரை ஊசிக்கும் இழுத்துப் போனது போலத் தோன்றும். வீட்டாரும் அப்படித்தான் சொன்னார்கள். "சேர்க்கை சரியில்ல" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சேர்க்கைக்கு வேகம் கூட்டும் தன்மை உண்டு என்பது உண்மை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கார்ட்னரும் ஸ்டெயின்பெர்க்கும் 2005இல் 306 பேரை வைத்துச் செய்த சோதனையில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டை வளரிளம் பருவத்தினர் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது தனியாக ஆடுவதைவிட மிகத் துணிச்சலாக ஆடினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதே சேர்க்கையில் இருந்த ஐந்து பேரில் ஊசிக்குப் போனவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கு மட்டும் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஏன் என்று கேட்கக் கூடாது

"ஏம்ப்பா போடுற?" என்ற கேள்விக்கு இந்த வயதில் பதிலே வராது. வந்தால் "சொம்மாதான்" என்று வரும். இங்கும் அதுவே வந்தது. கேள்வியை மாற்றினோம். எப்போதிலிருந்து தினமும்? அந்த வாரம் வேறு என்ன நடந்தது?

அதற்கு மட்டும் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமைப் பழக்கம் தினசரிப் பழக்கமானது ஒரு சாவுக்குப் பிறகு. கூட ஓட்டிய நண்பன் ஒருவன் இரவில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி இறந்துபோனான். ஊரே திரண்டது. பேனர், மேளம், பட்டாசு, பூ, இரவெல்லாம் கானா. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் பேச்சை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இவர் அன்று அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவர். பசிக்கிறது என்று பாதி வழியில் இறங்கி அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைக்குப் போயிருந்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. "அவன் பேனர்ல சிரிச்சினு இருப்பான். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். மாத்திரை போட்டா போவ முடியும்."

மருத்துவமாகப் பார்த்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கு முழு வரலாற்றைவிட எடை அதிகம். அபினி வகை மருந்து உடம்பு வலியை மட்டும் குறைப்பதில்லை. பிரிவின் வலியையும் மழுங்கடிக்கும். சந்தோஷத்தைத் தேடி மாத்திரைக்குப் போனார் என்று எழுதியிருந்தால் சிகிச்சை முழுக்கத் தவறிய திசையில் போயிருக்கும். அவர் போனது துக்கத்திலிருந்து தப்பிக்க.

ஏணிப் படம்

மகிழ்ச்சியை அளக்க ஏணிப் படம் ஒன்று போதும். அமெரிக்க ஆய்வாளர் ஹேட்லி கான்ட்ரில் 1965இல் தந்த முறை அது. தாளில் பத்துப் படி கொண்ட ஏணி ஒன்றை வரைய வேண்டும். மேல்படி, உன் வாழ்க்கை எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அது. தரை, எவ்வளவு மோசமாக இருக்க முடியுமோ அது. இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்?

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். போதைப் பழக்கத்தில் இது போதாது. "இப்போது" என்பது எந்த நேரம் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாகும். அதனால் ஒரே தாளில் மூன்று ஏணிகள் வரைந்தோம்: 16 வயது, மாத்திரை தொடங்கிய முதல் மாதங்கள், இப்போது. ஒவ்வொன்றிலும் விடிகாலை, போடுவதற்கு முன், போட்டு அரைமணி கழித்து, போட்டு நான்கு மணி நேரம் கழித்து என்று தனித்தனியாகப் புள்ளி வைக்கச் சொன்னோம். பேனாவை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். நாம் கேட்டு நாம் குறித்தால் நமக்குப் பிடித்த எண் வரும்.

16 வயது ஏணியில் ஒரே புள்ளி: 7. கேரம் மன்றம், பைக், கடலில் குளியல் எல்லாம் இருந்த காலம். முதல் மாதங்களின் ஏணியில் போடுவதற்கு முன் 6, போட்டபின் 9, நான்கு மணி நேரத்தில் மறுபடி 6. மூன்றாவது ஏணியில் விடிகாலை 1. ஊசிக்கு முன் 1. போட்டு அரைமணியில் 4. நான்கு மணி நேரத்தில் 2.

வைத்து முடித்தபின் அவரே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கு ஊசி போட்டு அவர் ஏறும் உச்சம் 4. ஒன்றுமே போடாமல் மூன்று வருடத்துக்கு முன் நின்றது 7. "அப்ப இத்த போட்டும் கீழதான் கீறேன்" என்றார். யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. தாள் சொன்னது.

ஏன் அப்படி ஆகிறது என்பது தெரிந்த விஷயம். திரும்பத் திரும்ப வெளியிலிருந்து வரும் மருந்துக்கு மூளை தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எதிராக ஒரு இறக்கத்தை வளர்க்கிறது. அளவைக் கூட்டினால் ஏற்றம் கூடுவதில்லை, இறக்கம்தான் ஆழமாகிறது. சில மாதங்களில் மருந்து மேலே தூக்குவதை விட்டு, பள்ளத்திலிருந்து கொஞ்ச நேரம் எட்டிப்பார்க்க மட்டும் உதவுகிறது. அந்தப் பள்ளத்தில் சோறும் கேரமும் அக்காவின் பேச்சும் ருசிப்பதில்லை. அம்மா சொன்னது இதற்குச் சரியான விவரணை: "வஞ்சிரம் வறுத்து வெச்சா கூட மொகத்துல ஒரு இது இல்ல சார்."

ஏணியோடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவத்தையும் சேர்த்தோம். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழும்போது தெளிவாக இருந்தேனா, நாள் முழுக்கப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் 100க்கு மதிப்பெண். 50க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இவருக்குக் கூட்டுத்தொகை 4, மதிப்பெண் 16. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவத்தில் 27க்கு 17. மருந்து இறங்கும் நாட்களில் எடுத்த எண்ணை நம்பி மனச்சோர்வு நோய் என்று முடிவுகட்டக் கூடாது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் ஒன்பதாவது கேள்வியை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதை, முதல் நாளே நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற பயம் தவறு. "செத்தா நல்லாருக்கும்னு தோணும், ஆனா நானா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்" என்றார். அன்றே அக்காவுக்குத் தெரிவிக்க அவருடைய சம்மதம் வாங்கப்பட்டது. 14416 என்ற டெலி-மனஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) இருவர் போனிலும் பதிவானது.

கெத்து

இந்த வட்டாரத்தில் கெத்து என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இளைஞரோடு பேச முடியாது. பெரியவர்கள் அதை வெறும் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவர் வாயிலிருந்து வந்த அர்த்தம் வேறு: ஏரியாவில் நடந்து போகும்போது நாலு பேர் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். வேலை இல்லாத, படிப்பு நின்ற, வீட்டில் தனியாகப் படுக்க ஓர் இடம்கூட இல்லாத ஒருவருக்கு அது பெரிய சொத்து. பைக் அதைக் கொடுத்தது. 16 வயதில் ஏணியில் 7 வந்ததில் பைக்குக்கும் பங்கு இருந்தது. அதை மறைத்துப் பேசினால் அவர் நம்மை நம்பமாட்டார்.

ஆனால் ஊசி அந்த வகையில் எதையும் கொடுப்பதில்லை. பைக்கைச் சுற்றி ஐந்து பேர். மாத்திரையைச் சுற்றி மூன்று. ஊசியைச் சுற்றி இரண்டு பேர், அதுவும் கால்வாய் ஓரத்துப் பாழடைந்த சுவருக்குப் பின்னால், ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் நின்றது. ஏரியாவில் இப்போது அவரை 'ஊசி' என்றார்கள். எதற்காகத் தொடங்கினாரோ அதையே அந்தப் பழக்கம் தின்றுவிட்டது. துணிச்சலான செயல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'தீய பழக்கம்' என்று பெயர் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொன்றும் அவருக்கு என்ன கொடுத்தது, என்ன பறித்தது என்று தனியாகப் பிரித்தால்தான், பதிலுக்கு என்ன வைப்பது என்று தெரியும்.

சிகிச்சை

குடும்பம் ஏற்கெனவே மூன்று வழி பார்த்திருந்தது. நான்கு நாள் வீட்டில் பூட்டிவைத்தார்கள்; உடம்பு முறிக்கிறது என்று அவர் அலறியதைத் தாங்காமல் மாமா குவாட்டர் வாங்கிக் கொடுத்தார். பழவேற்காட்டில் உறவினர் வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். திரும்பிய அன்றே போட்டார். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை உடனே நிறுத்தச் சொன்னோம். இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாகக் கரைத்துக் கொடுக்க முடியாது.

பூட்டிவைப்பது ஏன் வேலைக்காகாது என்றால், கடைசியாகப் போட்டு 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் உடம்பு முறிப்பு இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வீட்டார் அதைக் குணமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கமின்மை, மனவெறுமை, ஏக்கம் ஆகியவை அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். திரும்பப் போவது அந்த மாதங்களில்தான்.

எடுத்த முடிவு, பியூப்ரெனார்ஃபின் மாற்று மருந்து. ஓ.எஸ்.டி. என்பார்கள், ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும், ஐந்து முதல் பத்து நிமிடம். விழுங்கினால் வீண். பேசாமல், எச்சில் துப்பாமல், தண்ணீர் குடிக்காமல் உட்கார வேண்டும். முதல் வேளையில்தான் பெரிய தவறு நடக்கும். உடம்பில் பழைய மருந்து இன்னும் இருக்கும்போது கொடுத்தால் அது பழையதை மூளையில் அது ஒட்டியிருக்கும் இடங்களிலிருந்து (ஏற்பிகள்) தள்ளிவிட்டு, பல மடங்கு கடுமையான முறிப்பை அரைமணியில் வரவழைக்கும். அப்படி ஒரு முறை ஆனவர் மருந்தின் பக்கமே திரும்பமாட்டார். அதனால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, விரிந்த கண்மணி எல்லாம் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்து, 2 மில்லிகிராம். இரண்டு மணி நேரம் பார்த்து இன்னொரு 2. மூன்றாம் நாள் 6, அடுத்த வாரம் 8. அங்கே நிலைத்தது. தூக்க மாத்திரை தரக்கூடாது என்று அம்மாவிடம் எழுதியே கொடுத்தோம். நைட்ரசிபாம் போன்றவையும் சாராயமும் இதனோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடும்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஏணியிலேயே இருந்தது: ஒரு நாளுக்குள் 1, 4, 2 என்று ஏறி இறங்குவதை நிறுத்தி, நாள் முழுக்கத் தரை ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்வதுதான் இந்த மருந்து. மட்டம் நின்றால்தான் அதன்மேல் எதையாவது கட்ட முடியும். குறைந்தது ஒரு வருடம் தேவைப்படும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னோம், அழுத்திச் சொல்லவில்லை. அதன் விலை பிறகு தெரிந்தது.

போலீஸ் பயத்தால் பலர் வருவதே இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி அரசு அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, பயன்படுத்தியதற்கும் சிறிதளவு வைத்திருந்ததற்கும் வழக்கு வராமல் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசின் ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் நடந்தது. முடிவை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி அன்றே தொடங்கியது: 0, 1, 6 மாதங்கள்.

சறுக்கல்

ஆறு வாரம் நன்றாகப் போனது. சாப்பாடு ஏறியது, ஐந்து மணி நேரத் தூக்கம் வந்தது. ஐந்து கேள்விப் படிவத்தில் 36. பிறகு ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்பா நாள் முழுக்க வீட்டில். துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்க, அப்பாவின் கூட்டாளிகள் எல்லோரும் தெருமுனையில். தினமும் காலையில் அவர்களைத் தாண்டி மருந்துக்குப் போக வேண்டும்; "எங்கடா போற?" என்ற கேள்வி தினமும். அம்மாவுக்கு மீன் வரத்து இல்லை, வீட்டில் காசு நெருக்கடி. "நான்தான் நல்லாயிட்டேனே" என்று மருந்தை நிறுத்திவிட்டார். தடைக்காலத்தைத் திட்டத்தில் சேர்க்காதது எங்கள் பக்கத் தவறு. காசிமேட்டில் வருடம் தவறாமல் வரும் தேதி அது.

இருபது நாள் எதுவும் போடவில்லை. இருபத்தொன்றாம் நாள் இறந்த நண்பனின் பிறந்தநாள். தெருவில் புது பேனர். பழைய கூட்டாளியோடு கால்வாய்ப் பக்கம் போய், பழைய அளவையே போட்டார்.

அளவு பழையது, உடம்பு பழையது இல்லை. சில வாரம் விட்டவருக்குத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு நடப்பது இதனால்தான். உதடு நீலமானது, தொண்டையில் கரகரவென்று குறட்டை. கூட்டாளி முகத்தில் தண்ணீர் அடித்தான், கன்னத்தில் அறைந்தான், வாயில் உப்புத்தண்ணீர் ஊற்றப் பார்த்தான். கால்மணி நேரம் போனது. போலீஸ் வரும் என்று 108ஐ அழைக்கப் பயம். கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர் அழைத்தார்.

அந்தக் கால்மணி நேரத்தில் செய்திருக்க வேண்டியதை இப்போது இருவருக்கும், அக்காவுக்கும் செய்து காட்டியே கற்றுக்கொடுத்திருக்கிறோம். தோளை உலுக்கி, நெஞ்செலும்பில் மடக்கிய கைவிரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை என்றால் உடனே 108. மூச்சு வரவில்லை, அல்லது ஐந்தாறு விநாடிக்கு ஒன்றுகூட இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊத வேண்டும். நாடியும் இல்லாததுபோல் தெரிந்தால் நெஞ்சை அழுத்த வேண்டும். எப்படி என்று 108இல் கேட்டுக்கொண்டே செய்யலாம். மூச்சு ஓடுகிறது என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்காது. வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. தனியாக விட்டுப் போகக் கூடாது. என்ன போட்டது என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்கக் கூடாது.

மருத்துவமனையில் அபினி வகை மருந்தை முறிக்கும் நலாக்சோன் 0.4 மில்லிகிராம் ஊசி, மூன்று நிமிடத்தில் இன்னொன்று. மூச்சு திரும்பியது. எழுந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம். நலாக்சோன் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். போட்ட மாத்திரை அதைவிட நீண்ட நேரம் நிற்கும். நலாக்சோன் இறங்கியதும் மூச்சு மறுபடி மங்கலாம். இரவு முழுக்க வைத்திருந்தார்கள்.

மறுபடி

அப்பா அன்று இரவு வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். காலையில் மகனிடம், "உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதுக்குடா கடலுக்குப் போவணும்" என்றார். அவர் மகனிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம். தன் குவாட்டரையும் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். முழுக்க விடவில்லை, வீட்டுக்குள் கொண்டுவருவதை விட்டார். தினமும் காலையில் மருந்துக்கு அவரே கூட வந்தார். தெருமுனைக் கேள்விக்கு அதுதான் பதிலாக அமைந்தது.

இரண்டாம் சுற்றில் மருந்தைவிட மாலை நேரத்தில் கவனம் வைத்தோம். முன்பு அவர் ஊசி போட்ட நேரங்களை ஒரு வாரத்துக்கு நினைவிலிருந்து எழுதவைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மாலை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே. சாப்பாட்டுக்கு முன், செய்ய ஒன்றும் இல்லாத, அவர் வார்த்தையில் "பேஜாரான" நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், கையில் வேலை வேண்டும். கேரம் மன்றம் இருந்தது. வடசென்னையில் தெருவுக்குத் தெரு பலகை உண்டு; 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆனால் 'ஊசி' என்று பெயரெடுத்தவரை மன்றத்தில் சேர்க்கத் தயங்கினார்கள். பணப்பெட்டி இருக்கிறது என்றார்கள். மன்றப் பொறுப்பாளரிடம் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. சின்னப் பையன்களுக்குப் பலகை துடைத்து, பவுடர் போட்டு, ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் ஒரு மாதச் சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரத்தில் பையன்கள் அவரை "கேரம் அண்ணா" என்று கூப்பிட்டார்கள். அன்று ஏணியில் அவர் வைத்த புள்ளி 5.

பகலில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் உதவியாள். கூலியைக் கையில் தராமல் அக்காவின் கணக்கில் வாரம் ஒரு முறை போடும்படி அவரே கேட்டுக்கொண்டார். கையில் 500 ரூபாய் இருக்கும் மாலை ஆபத்தானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பனின் சாவைப் பற்றி நான்கு அமர்வுகள் பேசினோம். ஐந்தாவதில் அவர் பேனர் இருந்த இடத்துக்கு மாத்திரை இல்லாமல் போனார், அக்காவோடு, பத்து நிமிடம். இறங்கி அத்தோ சாப்பிடப் போனதைச் செத்தவனின் அம்மாவிடம் சொன்னார். அவர் இவர் தலையைத் தடவி, "நீயாவது எறங்குனியே" என்றாராம்.

மஞ்சள் காமாலை சி வகைக்கு வைரஸ் அளவு பார்த்து உறுதிசெய்து, ஜூலையில் மாத்திரை தொடங்கியது: சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர், 12 வாரம், தேசியத் திட்டத்தில் இலவசம். முடித்து 12 வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை. மறுபடி ஊசியைப் பகிர்ந்தால் மறுபடி தொற்றும். ஒருமுறை வந்து போனது பாதுகாப்பு தராது. எச்.ஐ.வி. பரிசோதனை ஜூனிலும், மே மாதச் சறுக்கலுக்கு மூன்று மாதம் கழித்து ஆகஸ்டிலும் இல்லை என்றே வந்தது.

ஒரு வருட முடிவில்

ஐந்து கேள்விப் படிவத்தில் 56. பி.எச்.க்யூ.-9இல் 7. ஏணியில் பெரும்பாலான நாட்களில் 5, சில நாட்களில் 6. பழைய 7 இன்னும் வரவில்லை. இடையில் இரண்டு முறை வாயில் மாத்திரை போட்டதை அவரே வந்து சொன்னார், ஊசி இல்லை. மாவாவை விடவில்லை. அதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். பைக் இருக்கிறது, உரிமம் எடுத்திருக்கிறார், ஹெல்மெட் போடுகிறார். எண்ணூர்ச் சாலைக்கு இரவில் போவதில்லை என்கிறார், அக்கா அதைப் பாதிதான் நம்புகிறார். இடது கை நரம்பு சரியாகவில்லை. ஸ்ட்ரைக்கரை அடிக்கும் வலது கைக்குக் குறை இல்லை. அன்று கூட இருந்த கூட்டாளி ஒரு முறை மருந்து மையத்துக்கு வந்துவிட்டு, பிறகு வரவில்லை. சனிக்கிழமை தோறும் இவர் அவனைப் போய்ப் பார்க்கிறார், அப்பாவோடு, கால்வாய்ப் பக்கம் இல்லாமல் டீக்கடையில்.

மருந்து இப்போதும் 8 மில்லிகிராம். குறைக்கலாமா என்று அவர் கேட்டார். ஏப்ரல் 15 நெருங்குகிறது. ஜூன் 14 வரை குறைப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து, அந்த 61 நாளுக்கும் மாலை ஆறு முதல் எட்டு வரை யார் எங்கே என்று ஒரு அட்டவணை போட்டார்கள். நண்பனின் பிறந்தநாள் கட்டத்தில் அம்மா, அப்பா, அக்கா மூன்று பேர் பெயரும் இருக்கிறது.